கிரேபில் வண்டிகளுக்குக் கொடுத்த வாக்கு

சலோமா ஹைசி ஆசைப்பட்டது ஓர் அடுப்புக்கு. சிரிக்க வேண்டாம். அண்ணன் வீட்டு மச்சில், விதைச் சோளக் கதிரும் காய்ந்த ஆப்பிள் துண்டும் தொங்குகிற சரிவுக் கூரைக்குக் கீழே, இருபத்தாறு வயது வரை படுத்து எழுந்தவளுக்குத்தான் அது புரியும். அண்ணி ஃபியான்னா கெட்டவள் இல்லை. ஆனால் சூப்பில் உப்புப் போடுகிற கை என்றைக்கும் அவளுடையதுதான். சலோமா வெங்காயம் நறுக்கலாம், மாவு தேய்க்கலாம், பாத்திரம் கழுவலாம். உப்பு டப்பா பக்கம் கை போனால் ஃபியான்னா ஒரு பார்வை பார்ப்பாள். கை தானாகத் திரும்பிவிடும்.

அதனால்தான் ஏனோஸ் கிரேபில் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. சபையார் எல்லோரும் கூடி உண்கிற அன்பின் விருந்து முடிந்து, எல்லோரும் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம். அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே வந்து நின்றான்.

"பட்டறை தன் கால்ல நிக்கட்டும் சலோமா. நின்னதும் கல்யாணம். இது என் வாக்கு."

அவள் சரி என்றாள். எங்கள் சபையில் யாரும் சத்தியம் செய்வதில்லை. நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் வேதத்தின் மேல் கை வைக்க மாட்டோம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. மோதிரம் போடுகிற வழக்கமும் இல்லை. ஒருவன் "வாக்கு" என்று சொல்லிவிட்டால் அதுவே மோதிரம், அதுவே பூட்டு.

ஏனோஸின் பட்டறை அவன் அப்பா காலத்து வில்வண்டிப் பட்டறை. இந்தியானாவில் எங்கள் பக்கத்து ஆறு ஊர்களிலும் குதிரைக்குப் பின்னால் ஓடுகிற வண்டி என்றால் அது கிரேபில் வண்டிதான். சலோமா அங்கே கூண்டுத் தோல் தைப்பாள், இருக்கைக்குக் குதிரை மயிர் அடைப்பாள். பட்டறைக்குப் பின்னால் ஒரு செங்கல் வீடு. அப்பாக் கிழவர் செத்ததிலிருந்து பூட்டிக் கிடந்தது. ஏனோஸ் வார்னிஷ் அறைக்கு மேலே ஒரு கட்டிலில் படுத்துக்கொள்வான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சலோமா அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்ப்பாள். எந்தப் பலகையில் எந்தச் சட்டி என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

கிழவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டியை வாங்கினவனிடம் கடிவாளத்தைக் கொடுக்கும்போது, "எங்க கையை விட்டுப் போனாலும் இது எங்க வண்டிதான். நான் உசுரோட இருக்கிறவரைக்கும் எது கழண்டாலும் இங்க கொண்டு வா, காசு வாங்க மாட்டேன்" என்பார். அந்தக் காலத்து வண்டியில் என்ன கழன்றுவிடப் போகிறது? வருஷத்துக்கு ஒருமுறை எவனாவது ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வருவான். கூடவே ஒரு ஜாடி ஆப்பிள் பழப்பாகு கொண்டுவருவான். கிழவர் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை இறுக்கித் தருவார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிவார்கள். அந்த வாக்கினால் கிழவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில் ஏனோஸ் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கினான். ஏரிக்கரைப் பட்டணத்திலிருந்து ஒரு எஞ்சினை வாங்கி வந்து வில்வண்டியின் இருக்கைக்கு அடியில் பொருத்தினான். பின்சக்கரத்துக்குச் சங்கிலி, திருப்புவதற்கு ஒரு கோல். மற்றதெல்லாம் வில்வண்டியேதான். உயரச் சக்கரம், தோல் கூண்டு, விளக்கு மாட்டுகிற கொக்கிகூட அதே இடத்தில். பட்டணத்து மோட்டார் வண்டிகளுக்குச் சக்கரம் குட்டை. வசந்தத்தில் எங்கள் ஊர்க் கறுப்புச் சேற்றில் இறங்கினால் வயிறு வரைக்கும் புதைந்து எருமை மாதிரிக் கிடக்கும். ஏனோஸின் வண்டியோ நாரை நடக்கிற மாதிரி சேற்றைத் தாண்டிப் போகும்.

அந்த வருஷச் சந்தையில் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னால் மழையில் ஊறிய மேடு ஒன்று இருந்தது. பட்டணத்து வண்டி ஒன்று பாதி மேட்டில் நின்று புகைந்தது. ஏனோஸ் அதைச் சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். ஜனம் கத்திக்கொண்டு மேலே ஓடியது. அவன் கூச்சக்காரன். மேடையேறிப் பேசத் தெரியாது. ஆனால் அன்று இருக்கை மேல் ஏறி நின்றான். வாயில் வந்தது அப்பாவின் பேச்சுத்தான்.

"இது கிரேபில் வண்டி. யார் வாங்கினாலும் இது என் வண்டி. நான் உசுரோட இருக்கிறவரைக்கும் எது கெட்டாலும் கொண்டு வாங்க, காசு வாங்க மாட்டேன்."

விவசாயிகள் தொப்பியைக் கழற்றினார்கள். கீழே குடை பிடித்து நின்ற சலோமாவுக்கு மார்பு விம்மியது. இவன் என்னுடைய ஆள் என்று நினைத்துக்கொண்டாள். கிழவர் சொன்னது மரத்துக்கும் இரும்புக்கும். இவன் சொன்னது வெடித்து வெடித்து ஓடுகிற ஒரு பொருளுக்கு. அந்த வித்தியாசம் அங்கே இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. வண்டி செய்கிற பரம்பரை. எஞ்சின் வைத்தாலும் அது வண்டிதானே என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு வருஷம் ஊரே மாறிப்போனது. புதிய கொட்டகை எழுந்தது. ரயிலில் சக்கரம் சக்கரமாக வந்து இறங்கியது. பட்டறைச் சங்கு ஊதினால்தான் பெண்கள் அடுப்பில் பானையை ஏற்றினார்கள். சலோமாவுக்குக் கீழே தைப்பதற்கு ஒரு அறை நிறையப் பெண்கள். வங்கிக்காரர் ஏனோஸைக் கண்டால் தெருவைக் கடந்து வந்து கை கொடுத்தார். குருடனுக்கும் தெரியும், பட்டறை காலில் நின்றுவிட்டது.

சலோமா கேட்டாள். அதட்டிக் கேட்கவில்லை. அளவெடுக்கிற சாக்கில் செங்கல் வீட்டு ஜன்னலுக்கு எத்தனை முழம் திரைத்துணி வேண்டும் என்று கேட்டாள்.

"வார்னிஷ் அறை இடம் பத்தலயே சலோமா. அதை மட்டும் இழுத்துக் கட்டிட்டா ஆச்சு" என்றான் அவன்.

வார்னிஷ் அறை கட்டி முடிந்தது. பிறகு கொதிகலன் அறை. அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கல்யாணம் என்று நினைத்தால் அவனுக்குச் சுவர்தான் கண்ணுக்குத் தெரிந்தது, இன்னும் எழுப்ப வேண்டிய சுவர்.

மூன்றாம் வருஷம் வசந்தத்தில் வண்டிகள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. பிறகு மழை விட்ட மறுநாள் எல்லாம் வரிசை. சங்கிலி அறுந்தது, ரப்பர் பட்டை பிளந்தது, எஞ்சினுக்குள் எதுவோ உருகி ஒட்டிக்கொண்டது. சொந்தக் குதிரையே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும். சொந்தக்காரன் இறங்கி, ஆப்பிள் ஜாடிகூட இல்லாமல், "ஏனோஸ் பிரதர், உங்க வண்டி வந்திருக்கு" என்பான். உங்க வண்டி. அந்த வார்த்தையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

ஏனோஸ் ஆட்களைப் புது வேலையிலிருந்து எடுத்துப் பழுது பார்க்கப் போட்டான். பழுது பார்த்த வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் வேறொன்று உள்ளே வரும். புது வண்டிக்குக் காத்திருந்தவர்கள் காத்துக் காத்துப் போய்விட்டார்கள். டெட்ராய்ட்டிலிருந்து மலிவு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்குள் சாலைகளிலும் சரளை கொட்டியிருந்தார்கள், குட்டைச் சக்கரம் ஒன்றும் புதையவில்லை. எங்கள் ஆட்கள் தேவாலயத்துக்கு அந்த மலிவு வண்டியில் வருவார்கள். பழைய கிரேபில் வண்டியை மட்டும் ஓசியில் சரிசெய்ய அனுப்பிவைப்பார்கள், சோளம் அரைக்கிற யந்திரத்தை ஓட்ட எஞ்சின் உதவும் என்று.

மோசர் என்று ஒரு பண்ணைக்காரன். அவனுடைய கன்றுக்குட்டி கூண்டுத் தோலை மென்று தின்றுவிட்டது. அவன் வண்டியோடு சலோமாவின் அறை வாசலுக்கே வந்துவிட்டான்.

"கன்னுக்குட்டி தின்னதுக்கும் நாங்கதானா பொறுப்பு?" என்று கேட்டாள் அவள்.

"எது கெட்டாலும்னு சொன்னாரே சிஸ்டர். யாரு கெடுத்ததுன்னு கேக்கலயே" என்றான் மோசர், சிரிக்காமல்.

ஏனோஸ் பின்னாலிருந்து தலையசைத்தான். தைத்துக் கொடு என்று பொருள். அவன் கொடுத்த வாக்குக்கு அவள் விரல். அறையில் பெண்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள், கடைசியில் குத்தூசியும் மெழுகு நூலும் சலோமாவும்தான் மிச்சம். அவளே ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டாள், இதை நிறுத்தினால் என்ன, இனிமேல் கூலி என்று ஒரு பலகை எழுதி மாட்டினால் என்ன என்று.

"வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றான்.

"எனக்கும்தான் கொடுத்த."

"உனக்குக் கொடுத்தது இருக்கு. எங்கேயும் போகல. நீ நம்ம ஆளு, பொறுத்துக்குவ. அவங்க பொறுக்க மாட்டாங்க."

அன்று வீட்டுக்கு வந்தபோது ஃபியான்னா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "உன் மாப்பிள்ளைக்கு உன்னையும் ஒரு சங்கிலியக் கட்டி இழுத்துட்டுப் போய் நிறுத்தினாத்தான் கண்ணு தெரியும் போல" என்றாள். சலோமா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு முப்பத்திரண்டு வயது ஆகியிருந்தது.

இலையுதிர் காலத்து அன்பின் விருந்துக்கு முன்னால், சபைக் காரியம் பார்க்கிற உதவிக்காரர்கள் இரண்டு பேர் வீடு வீடாக வருவது சபை வழக்கம். அடுப்படியில் உட்கார்ந்து கேட்பார்கள்: விசுவாசத்தில் நிலைத்திருக்கிறாயா, சபையார் எல்லோரோடும் சமாதானமாக இருக்கிறாயா. எல்லா வீட்டிலும் ஆமாம் என்பார்கள். பிறகு காப்பி, அடுப்பில் சுட்ட ஆப்பிள் பை. யாருக்கு யாரோடு வேலிச் சண்டை என்று உதவிக்காரர்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஆமாம்தான்.

சலோமாவின் முறை வந்தபோது அவள், "இல்ல, ஏனோஸ் கிரேபிலோட எனக்குச் சமாதானம் இல்ல" என்றாள்.

ஃபியான்னாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஒருவருக்குச் சமாதானம் இல்லை என்றால் சபை முழுவதும் விருந்துக்கு உட்கார முடியாது. ஒருவர் காலை ஒருவர் கழுவுகிற இடத்தில் மனக்கசப்பு இருக்கக் கூடாது. ஆண்டவர் சொன்ன ஒழுங்குப்படி அவள் முதலில் தனியே போய் அவனிடம் பேசினாள். அவன் எஞ்சினுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, வாக்கு வாக்குதான், கொஞ்சம் பொறு என்றான். பிறகு இரண்டு சாட்சிகளோடு போனாள். அவர்களில் ஒருவர், வந்ததுதான் வந்தோம் என்று தன் வண்டியின் சங்கிலி என்னாயிற்று என்று விசாரித்துக்கொண்டார். மூன்றாவது படி, சபை முன்னால் சொல்வது.

ஆண்கள் ஒரு பக்கப் பெஞ்சுகளில், பெண்கள் ஒரு பக்கப் பெஞ்சுகளில். சபையை நடத்துகிற மூப்பர் பெர்க்கி முன்னால். நல்ல மனிதர், குரல் தேன் மாதிரி. தலையில் வெள்ளைத் தொப்பியோடு சலோமா எழுந்து நின்றாள். நடந்ததைச் சொன்னாள். நீட்டி முழக்கவில்லை.

"நாள் குறிச்சுச் சொன்னாராம்மா?" என்று கேட்டார் மூப்பர்.

"இல்ல. பட்டறை கால்ல நின்னதும்னு சொன்னார்."

"வேற பொண்ணு யாரையாவது பாத்தாரா?"

"அவருக்கு அதுக்கு ஏது நேரம்."

பெண்கள் பக்கத்தில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார்கள். மூப்பர் ஏனோஸின் பக்கம் திரும்பி, பட்டறை காலில் நிற்கிறதா என்று கேட்டார். ஏனோஸ் எழுந்தான். அவன் கையில் கறுப்பு எண்ணெய், எவ்வளவு தேய்த்தும் போகாதது.

"நிக்கல மூப்பரே. உங்களுக்கே தெரியுமே."

தெரியாமல் என்ன? மூப்பரின் வண்டியே பட்டறை முற்றத்தில் ஒரு பக்கச் சக்கரம் இல்லாமல் கட்டையில் நின்றுகொண்டிருந்தது.

"அப்போ வாக்கு உடையல. அதோட காலம் வரல, அவ்வளவுதான்" என்றார் மூப்பர். ஆண்கள் பக்கம் தாடிகள் மெதுவாக அசைந்தன. நியாயம்தானே என்று அர்த்தம்.

சலோமா உட்கார வேண்டியதுதான் பாக்கி. அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். பட்டறையைக் கால்ல நிக்க விடாதது அவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு. அதைக் கொடுத்தவர் எடுக்க முடியாது, எனக்குப் புரியுது. வாங்கினவங்க திருப்பிக் கொடுக்கலாம் இல்லையா? இங்க இருக்கிற எல்லார் வீட்டிலயும் கிரேபில் வண்டி இருக்கு. ஏனோஸ், உன் வாக்குலேருந்து உன்ன விடுவிக்கிறோம்னு நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னைக்கே சமாதானம். நாளைக்கே விருந்து."

மோசர் தன் பூட்ஸைப் பார்த்தான். சாட்சியாக வந்தவர் ஜன்னலைப் பார்த்தார். சலோமாவின் சொந்த அண்ணன் தொப்பியின் விளிம்பைத் தடவினான், அவனிடமும் ஒரு வண்டி இருந்தது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு மூப்பரைப் பார்த்தாள்.

மூப்பர் பெர்க்கி பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அறுவடை நேரம், எல்லோருக்கும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, இப்படிப்பட்ட காரியத்தை அவசரத்தில் செய்வது உசிதமல்ல என்றார். பொறுமையும் ஆவியின் கனிதான் என்றார். விருந்து தடைபட்டதற்கு சலோமா சபையிடம் மன்னிப்புக் கேட்டு, ஏனோஸோடு கை குலுக்கிக்கொண்டால் நலம் என்று முடித்தார். பாட்டு எண் சொன்னார்.

ஏனோஸ் கையை நீட்டிக்கொண்டு நடுவில் நின்றான். பாவம், உண்மையாகவே நீட்டினான். சலோமா தன் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். பாட்டு அவளுக்குப் பின்னால் தொடங்கியது. விருந்து நடந்தது. அவளைச் சபையிலிருந்து சிறிது காலம் தள்ளி வைத்தால் சமாதானத்துக்குக் குறை இல்லை என்று ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் எஞ்சின் அனுப்புகிற பட்டணத்துக்காரர்கள், கடன் பாக்கிக்காக, ஆள் அனுப்பிக் கதவைப் பூட்டினார்கள். சங்கு நின்றது. ஊருக்கு வருத்தம்தான். வருத்தப்பட்டவர்களில் பலர், முற்றத்தில் அகப்பட்ட தங்கள் வண்டியை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்கத்தான் வந்தார்கள். ஏனோஸ் அப்பாவின் பழைய கொல்லுலைக் கொட்டகையை மட்டும் எப்படியோ தக்க வைத்துக்கொண்டான். வண்டிகளை அங்கே இழுத்துப் போனான். வாக்கு அவன் உயிரோடு இருக்கிறவரைக்கும். அவன் உயிரோடுதான் இருந்தான்.

பட்டறையை ஒரு சவப்பெட்டிக்காரர் வாங்கினார். மரம் அறுக்கிற யந்திரம், வார்னிஷ் அறை எல்லாம் அவருக்கு அப்படியே பயன்பட்டது. தைக்கிறவர்கள் வேண்டும் என்றார். சலோமா போனாள். அதே அறை, அதே ஜன்னல். தோலுக்குப் பதில் வெள்ளைச் சாட்டின் துணி, தலையணைக்கு மரச்சீவல். விரல் நுனி பல வருஷங்களுக்குப் பிறகு மிருதுவானது. கூலி ஒழுங்காக வந்தது. பின்னால் பூட்டிக் கிடந்த செங்கல் வீட்டை அவரிடம் வாடகைக்குக் கேட்டாள், கொடுத்தார். ஜன்னலுக்குத் திரை போட்டாள். சட்டிகளை ஏற்கெனவே முடிவு செய்த பலகைகளில் வைத்தாள். அடுப்பு புகைந்தது. கிழவர் காலத்துப் புகைபோக்கியில் குருவிக் கூடு. அதைத் தானே ஏறிக் குத்தி எடுத்தாள். முதல் நாள் சூப்பில் உப்பு அதிகமாகப் போய்விட்டது. அதையே முழுவதும் குடித்தாள்.

ஏனோஸ் அவ்வப்போது வருவான், கிழிந்த கூண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. வேலை முடிந்த பிறகு தைத்துக் கொடுக்க முடியுமா என்று. முதல் இரண்டு மூன்று முறை தைத்துக் கொடுத்தாள். பழகின கை, சொன்னால் கேட்காது. பிறகு நிறுத்திவிட்டாள். அவனும் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபப்படத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

வருஷங்கள் போயின. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கோழிக்கூடாகவும் உரக்குழி மூடியாகவும் ஆகி ஒழிந்தன. ஒரு மார்ச் மாதம் ஏனோஸ் செங்கல் வீட்டு வாசலில் வந்து நின்றான். முடி முழுவதும் நரைத்திருந்தது. தோளில் ஒரு கூண்டு. உள்ளே கூப்பிட்டாள், இதுவரை கூப்பிட்டதில்லை. வெளியே ஈரமும் காற்றுமாக இருந்தது. நூடுல்ஸ் போட்ட கோழிச் சாறு ஒரு கிண்ணம் வைத்தாள். அவன் ஜெபித்துவிட்டுக் குடித்தான்.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி, சலோமா. மூப்பர் பெர்க்கியோடது. அதை முடிச்சிட்டா எனக்கு யார்கிட்டயும் பாக்கி இல்ல. அப்புறம் உனக்குக் கொடுத்த வாக்குதான்."

"பெர்க்கி அதை ஓட்டுறாரா?"

"இல்ல. களஞ்சியத்துல வெச்சிருக்கார். கூண்டு கிழிஞ்சிருச்சுன்னு சொல்லி அனுப்பினார்."

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். ஒரு விரல் நுனி இல்லை, சங்கிலி தின்றது. இந்த மனிதன் பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, தனக்கென்று ஒரு பூட்ஸ்கூட வாங்கவில்லை. இவன் மேல் கோபப்படுவதற்கு ஒரு இடம்கூட விட்டு வைக்காமல் அவளுடைய வயதையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டான், யார் யாருக்கோ, கன்றுக்குட்டிக்குக்கூட.

"ஏனோஸ், அன்னைக்குச் சபையில நான் கேட்டதை அவங்க செய்யல. நான் செய்யறேன். எனக்குக் கொடுத்த வாக்குலேருந்து உன்ன விடுவிக்கிறேன். இனிமே அது இல்ல."

அவன் கரண்டியை வைத்தான். அவள் அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன எதிர்பார்த்தாளோ. ஒரு மறுப்பு, ஒரு வருத்தம், குறைந்தபட்சம் கோபம். அவனுடைய தோள் கொஞ்சம் இறங்கியது. மூச்சு நீளமாக வெளியே வந்தது. பழுது முடிந்த வண்டி ஒன்று வாசலைத் தாண்டிப் போகும்போது அவன் விடுகிற மூச்சு. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த மூச்சு.

"நீ எப்பவுமே நல்லவ, சலோமா" என்றான். பிறகு கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு, கதவருகே போட்டிருந்த கூண்டைப் பார்த்தான். "அப்போ இதை மட்டும்..."

"எடுத்துட்டுப் போ" என்றாள் அவள்.

அவன் கூண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். அவள் கதவைச் சாத்திவிட்டு, ஆறிப்போன சாற்றை மறுபடி சூடு பண்ண அடுப்பில் ஒரு கட்டையைச் சொருகினாள்.